கார்பன் சைக்கிள் ஃபிரேமில் சேதம்: பயணம் புறப்படும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஷ்மீரிலிருந்து ஓட்டி வந்து கன்னியாகுமரியில் பயணத்தை முடிப்பவர்கள் உண்டு. நாகர்கோவிலில் சைக்கிளை ரயிலில் ஏற்றிவிட்டு வடக்கே புறப்படுபவர்களும், விடுமுறைக்கு ராமேஸ்வரம் வரை கடலோரமாகப் போய் வருபவர்களும் உண்டு. இவர்களில் கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள், புறப்படும் நாள் நெருங்கும்போது ஃபிரேமில் ஒரு கோட்டையோ அடிபட்ட தழும்பையோ கண்டுவிட்டுக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சைக்கிள் கீழே விழுந்தது. பெயிண்டில் ஒரு கோடு தெரிகிறது. அது கீறலா, வெடிப்பா என்பதை எப்படி அறிவது?

முதலில் சைக்கிளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து நிழலில் உலர விடுங்கள். சேறும் செயின் எண்ணெயும் படிந்திருக்கும்போது எல்லாக் கோடுகளும் வெடிப்பைப் போலத்தான் தெரியும். பிறகு இருட்டான அறையில் வைத்து, டார்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் குழாயின் மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். பெயிண்ட் மட்டும் உரிந்த கீறலுக்கு இருபுறமும் மட்டம் ஒன்றாக இருக்கும். உள்ளே இழை உடைந்திருந்தால் பெரும்பாலும் ஒரு விளிம்பு சற்று எழும்பியிருக்கும், அல்லது கோட்டைச் சுற்றி ஆழமில்லாத ஒரு பள்ளம் நிழலாகத் தெரியும். பழைய பருத்தி வேட்டித் துணியை அந்த இடத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும்.

அடுத்தது கட்டைவிரல் சோதனை. கோட்டின் மேல் உறுதியாக அழுத்துங்கள். அதே அழுத்தத்தைக் குழாயின் மறுபக்கத்தில், அதே உயரத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினாலோ, அழுத்தும்போது மெல்லிய நெறிபடும் ஓசை கேட்டாலோ, அந்தச் சைக்கிளை அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். வாகனப் பட்டறையில் டிங்கரிங் பார்ப்பவர்கள் இரும்புத் தகட்டில் கைவைத்துப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இரும்பு அடிபட்டால் நெளியும், நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடிபட்டால் உள்ளே நொறுங்கிவிட்டு வெளியே மறுபடி நேராகி நிற்கக்கூடும். தொல்லையே அதுதான்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், மெல்லிய வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து அந்த இடத்தின் பெயிண்டை மட்டும் தேய்த்து எடுக்கலாம். பெயிண்ட் போனதோடு கோடும் போய்விட்டால் அது பெயிண்டின் கோடு. அடியில் தெரியும் கருப்பு இழைகளிலும் கோடு தொடர்ந்தால் அது வெடிப்பு. கருப்பு தெரிந்தவுடன் தேய்ப்பதை நிறுத்திவிட வேண்டும். கார்பன் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் நனைத்தே தேய்க்க வேண்டும், என்95 முகக்கவசமும் போட்டுக்கொள்ள வேண்டும். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் ஃபிரேம் என்றால் தேய்ப்பதற்கு முன் விற்றவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நாணயத்தால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே?

தட்டிப் பார்ப்பது பயனுள்ள முறைதான். விமானப் பாகங்களிலும் இதைச் செய்கிறார்கள். நல்ல பகுதி கணீரென்று ஒலிக்கும், அடுக்குகள் பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததா என்று சொல்லத் தெரிந்த காதுக்கு இந்த வேறுபாடு சீக்கிரம் பிடிபடும். ஆனால் ஃபிரேமின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. குழாயின் நடுவில் மெல்லியதாகவும், மூட்டுகளுக்கு அருகில் பல மடங்கு தடித்தும் இருக்கும். ஆகவே குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனால் ஓசை இயல்பாகவே மாறும்; அதைக் கேட்டு நல்ல ஃபிரேமைக் கெட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. சரியான ஒப்பீடு இடதுக்கு வலது: பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாயான செயின் ஸ்டேயில் இடப்பக்கத்தை வலப்பக்கத்துடன், ஒரே தூரத்தில். ஓசை சந்தேகத்தைத் தந்தால் அதை நம்புங்கள். ஓசை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

வெடிப்பு மிகச் சிறியது. சிறியது என்றால் ஓட்டலாமா?

எவ்வளவு நீளம் என்பதைவிட எந்த இடத்தில் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

கார்பன் இழை ஒவ்வொன்றும் 5 முதல் 7 மைக்ரோமீட்டர் வரை மட்டுமே தடிமன் உள்ளது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அந்த இழைகளை எப்பாக்சி ரெசினில் தோய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் வெவ்வேறு திசையில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்ததுதான் ஃபிரேம். நீளவாக்கில் இழுத்தால் இழை மிக வலிமையானது. பக்கவாட்டில் ஒரு கல்லோ கைப்பிடிச் சுவரின் முனையோ இடித்தால், அந்தத் தாக்குதலை ஏற்கும் பொறுப்பு பெரும்பாலும் ரெசினுக்கு வந்துவிடுகிறது. ரெசின் விட்டுக்கொடுத்தால் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். பிரிந்த அடுக்கு, ஒவ்வொரு மிதியிலும் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும்.

ஆகவே முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், அதன் மேலே ஃபிரேமுக்குள் போகும் ஸ்டியரர் குழாய், ஹேண்டில்பார், அதை ஸ்டியரருடன் இணைக்கும் ஸ்டெம் ஆகியவற்றில் வெடிப்பு எத்தனை சிறியதாக இருந்தாலும் ஒரே பதில்தான்: பழுதுபார்க்காமல் மாற்றிவிட வேண்டும். இவற்றில் ஒன்று ஒடிந்தால் சைக்கிளை நிறுத்த ஓட்டுபவருக்கு அவகாசமே கிடைக்காது. முகம்தான் முதலில் தரையில் படும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளை ஒட்டிய சாலையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், லாரி ஒன்று கடந்துபோன மறுகணம் பக்கக் காற்று ஹேண்டில்பாரை எப்படிப் பிடுங்குகிறது என்று. அந்தப் பிடுங்கலைத் தாங்குவது ஃபோர்க்தான்.

முன்னால் உள்ள தலைக்குழாயும் அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் டவுன் டியூபும் சேரும் மூட்டும், பெடல் அச்சு அமர்ந்திருக்கும் பாட்டம் பிராக்கெட் பகுதியும் அடுத்த நிலையில் வருகின்றன. இவற்றைப் பழுதுபார்க்க முடியும், ஆனால் கைதேர்ந்தவரால் மட்டுமே. செயின் ஸ்டே, சீட்டின் அடியிலிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் சீட் ஸ்டே, தலைக்குழாயிலிருந்து சீட் பக்கம் போகும் மேல் குழாயான டாப் டியூபின் நடுப்பகுதி ஆகியவற்றில் ஏற்படும் சேதம்தான் பெரும்பாலும் நல்ல முறையில் சரியாகிறது. அதற்காக டாப் டியூபை அலட்சியமாக நினைத்துவிட வேண்டாம். இலகுவான ஃபிரேம்களில் அதன் சுவர் 1 மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கும். சைக்கிள் சாய்ந்து விழும்போது ஹேண்டில்பார் திரும்பி அதன் முனை டாப் டியூபில் மோதுவது மிகவும் வழக்கமான சேதம். சிக்னலில் நிற்கும்போது அதன்மேல் உட்காரும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

வெளியே எதுவும் தெரியவில்லை. ஆனால் ஆட்டோ இடித்தது. உள்ளே எப்படிப் பார்ப்பது?

சீட் போஸ்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். போனில் இணைக்கும் குழாய்க் கேமரா இப்போது மலிவாகக் கிடைக்கிறது. கார் மெக்கானிக்குகள், பிளம்பர்கள் கையில் அது இருக்கும், இரவலும் கிடைக்கும். உட்சுவரில் வெண்மையாகப் பூத்த இடம், தூக்கிக்கொண்டு நிற்கும் இழை, தொங்கும் அடுக்கு ஆகியவற்றைத் தேடுங்கள். உற்பத்தியின்போது உள்ளே விட்டுப்போன பிளாஸ்டிக் உறையும் மடிப்பும் தெரியலாம். அவை சேதம் அல்ல. முன்பக்கம் அடிபட்டிருந்தால் ஃபோர்க்கை முழுவதுமாக இறக்கி, ஸ்டியரரின் அடிப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். ஃபோர்க்கை இறக்காமல் செய்யும் சோதனை பாதிச் சோதனைதான்.

உறுதியான விடை வேண்டுமென்றால் மீயொலிச் சோதனை செய்யும் கார்பன் பழுதாளரிடம் ஃபிரேமை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சலிலும் முட்டத்திலும் ஃபைபர் படகு சரிசெய்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுத்தால் என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இயல்பாக எழும் கேள்வி, முட்டாள்தனமான கேள்வியும் அல்ல. கடற்கரை ஊர்களில் ஃபைபர் வேலை செய்பவர்கள் கண்ணாடி இழையையும் ரெசினையும் கையாளும் நேர்த்தி பல நகரத்துப் பட்டறைகளில் கிடையாது. உடைந்த இடத்தை எவ்வளவு தூரம் தேய்க்க வேண்டும், அடுக்குக்குள் காற்றுக் குமிழி நிற்காமல் உருளையால் எப்படி ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும்.

சிக்கல் கையில் இல்லை, பொருளில் இருக்கிறது. படகுக்கு அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது பாலியஸ்டர் ரெசின். கேட்டலிஸ்ட் ஊற்றிக் கலக்கியதும் பட்டறை முழுவதும் மூக்கில் ஏறும் அந்த நெடி ஸ்டைரீனுடையது. சைக்கிள் ஃபிரேம் எப்பாக்சியால் ஆனது. இறுகிய பாலியஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறுகிய எப்பாக்சி மேல் பாலியஸ்டர் நம்பும்படி பிடிக்காது. பார்க்கப் பளபளவென்று இருக்கும் பூச்சு, சில நூறு கிலோமீட்டருக்குள் விளிம்பிலிருந்து தோலாக உரிந்துவிடக்கூடும். தவிர, படகுக்குப் போடும் ‘மேட்’ என்ற இழை விரிப்பில் கண்ணாடி இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும். படகின் உடலுக்கு அது பொருத்தம். ஒரு குறிப்பிட்ட திசையில் விசையை ஏற்க வேண்டிய செயின் ஸ்டேக்குப் போதாது. கனம் சேர்ந்தாலும் வலிமை சேராது.

எப்பாக்சி ரெசினும் கார்பன் துணியும் வாங்கிக் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்திப் பழகிய ஒருவரையும் கண்டுபிடித்தீர்கள் என்றால் நிலைமை வேறு. அப்போதும் முதல் சைக்கிள் உங்களுடையதாக இருக்க வேண்டுமா என்பதைப் பயண நாளை வைத்து முடிவு செய்யுங்கள். ஊர் சுற்றும் சைக்கிளில் செய்து பார்க்கத் தகுந்த முயற்சிதான் இது. ராமேஸ்வரம் போகும் சைக்கிளில் வேண்டாம்.

எம்-சீல் வைத்து அடைத்து, மேலே டேப் சுற்றினால்?

கூடாது. எம்-சீல் ஓட்டையை அடைக்கும், பட்டி பார்த்ததுபோல மட்டமாக்கும்; இழுவிசையைத் தாங்கும் இழை அதில் இல்லை. அதைவிட மோசம், வெடிப்பு பரவுவது அதன் அடியில் மறைந்துபோகும். ஃபெவிக்விக்கும் அப்படித்தான்.

முறையான பழுது எப்படிச் செய்யப்படுகிறது? எத்தனை நாள் ஆகும்?

சேதமடைந்த இழைகளை முழுவதும் நீக்கி, சுற்றியுள்ள நல்ல பகுதியைச் சாய்வாகத் தேய்த்து இறக்குவார்கள். 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு 20 மில்லிமீட்டருக்குக் குறையாத சரிவு என்பது இழைப்பொருள் பழுதில் பரவலாகக் கையாளப்படும் அளவு. அதனால்தான் நகத்தளவு வெடிப்புக்குக் கையகலத்துக்குப் பெயிண்ட் போகிறது. அதைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம், சிறிய இடத்தில் வேலையை முடித்துவிட்டேன் என்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பிறகு பழைய அடுக்குகளின் திசையைப் பின்பற்றிப் புதிய கார்பன் துணியை அடுக்கடுக்காக வைத்து, வெற்றிடப் பை அல்லது இறுக்கிச் சுற்றும் நாடா கொண்டு அழுத்தி இறுக வைப்பார்கள்.

அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடலாம். முழு வலிமை அடையப் பொதுவாகப் பல நாட்கள் ஆகும், அல்லது கட்டுப்பாடான சூட்டில் வைக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. எப்பாக்சியை இறுக வைக்கச் சேர்க்கும் சில ஹார்டனர்கள் ஈரக் காற்றில் இறுகும்போது மேற்பரப்பில் மெழுகு பூசியதுபோல் வழவழப்பான ஒரு படலம் தோன்றும். அதைக் கழுவி நீக்காமல் அடுத்த அடுக்கையோ பெயிண்டையோ ஏற்றினால் பிடிமானம் கெடும். ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் அவசரமாகச் செய்த பழுதை நம்ப வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

அனுப்புதல், சோதனை, பழுது, இறுகுதல், பெயிண்ட், திரும்பி வருதல் என்று சேர்த்துப் பார்த்தால் வாரக் கணக்காகும். பழுதாளரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: எந்த ரெசின், எப்படி அழுத்தம் கொடுக்கிறீர்கள், வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா. முதல் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் கொடுக்கலாம். பெயிண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் சில நாட்கள் மிச்சமாகும், பழுதுபார்த்த இடமும் பயணம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

பஸ் கூரையிலும் ரயில் பார்சலிலும் சேதமாகாமல் எப்படி அனுப்புவது?

இரும்புச் சைக்கிளைக் கட்டும் பழக்கத்தில், கயிற்றை டாப் டியூபின் மேல் போட்டுக் கால் வைத்து இறுக்கிவிடுவார்கள். அப்படிக் கட்ட விடாதீர்கள். கயிறு சீட் போஸ்டிலும் சக்கரங்களிலும் மட்டும் படட்டும். பார்சலில் அனுப்பும்போது சக்கரங்களைக் கழற்றினால், ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையிலும் பின்பக்கம் சக்கரம் மாட்டும் இடத்திலும் அதே அகலத்துக்கு ஒரு மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் தாங்கியை வையுங்கள். அது இல்லாமல் மேலே வேறு மூட்டை ஏறினால் ஸ்டேக்கள் உள்நோக்கி நசுங்கும். ஹேண்டில்பாரைக் கழற்றித் துணி சுற்றித் தனியாகக் கட்டுங்கள். காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போனால் புகைக்குழாய்க்கு நேரே ஃபிரேமோ சக்கரமோ வராமல் பாருங்கள். அந்தச் சூடு ரெசினை இளக்கிவிடும்.

பெற்றுக்கொள்ளும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன் அட்டைப்பெட்டியின் கிழிசலையும் ஃபிரேமையும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் காற்றில் கார்பன் துருப்பிடிக்குமா?

கார்பன் துருப்பிடிக்காது; ஆனால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கப்படும். உப்பு ஈரம் படியும்போது கார்பனும் அலுமினியமும் சேர்ந்து ஒரு மின்கலமாகச் செயல்படுகின்றன, தேய்வது அலுமினியம்தான். தண்ணீர் பாட்டில் தாங்கியின் திருகுத் துளை, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், கேபிள் நுழையும் உலோக வாய் ஆகியவற்றைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சின்னமுட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் வீடு இருந்தால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது செலவில்லாத மருந்து. அலுமினிய சீட் போஸ்டை அவ்வப்போது கழற்றித் துடைக்காமல் விட்டால் அது உள்ளேயே இறுகிவிடும். அதை முறுக்கி எடுக்கும் முயற்சியிலேயே ஃபிரேம் வெடிப்பதும் உண்டு.

சீட் போஸ்ட் நுழையும் வாயில் நேர்கோடாக ஒரு வெடிப்பு. விழவே இல்லையே, ஏன்?

பெரும்பாலும் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியதால். பல ஃபிரேம்களில் இந்தக் கிளாம்புக்கு 5 நியூட்டன் மீட்டர் அளவே சொல்லப்பட்டிருக்கும். உங்கள் ஃபிரேமில் அச்சிட்டிருக்கும் எண்ணே இறுதியானது. சீட் இறங்குகிறது என்று மேலும் முறுக்காமல், கார்பனுக்கான மணல்மணலான உராய்வுப் பசையைத் தடவுங்கள். சீட் போஸ்டில் போட்டிருக்கும் குறைந்தபட்சக் கோடு ஃபிரேமுக்குள் மறையும் அளவுக்கு அது இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். உயரமானவர்கள் தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டும்போது இந்த வெடிப்பு அடிக்கடி வருகிறது.

பயணம் நெருங்குகிறது. ஒரு முடிவு சொல்லுங்கள்.

சந்தேகம் தீராத ஃபிரேம் புறப்படக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்றைக்குள் பழுதும் சோதனை ஓட்டமும் முடியவில்லை என்றால் வேறு சைக்கிளில் போவது என்று முன்னதாகவே தீர்மானித்துவிடுங்கள். கடைசி இரவில் எடுக்கும் முடிவில் ஆசைதான் வெல்லும்.

ஓர் அலுமினிய அல்லது இரும்பு ஃபிரேமை இரவல் வாங்கி உங்கள் சீட்டையும் பெடலையும் மட்டும் மாற்றிக்கொள்வதே எளிது. எல்லாப் பாகங்களையும் வேறு ஃபிரேமுக்கு மாற்றலாம் என்று தொடங்கினால் பாட்டம் பிராக்கெட்டின் வகை, சீட் போஸ்டின் விட்டம், பிரேக் மாட்டும் முறை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தாமல் வேலை நின்றுபோகும். ஒன்றிரண்டு கிலோ கூடுதல் எடை திருச்செந்தூர் போகும் சமதளச் சாலையில் பெரிய இழப்பு இல்லை. உடன் வருபவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். உங்கள் பின்னால் சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

பழுதுபார்த்த ஃபிரேம் வந்துவிட்டது. நேராகப் புறப்படலாமா?

பழுதின் விளிம்பை மார்க்கரால் சுற்றிக் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 20 கி.மீ. சமதளத்தில் ஓட்டித் திரும்புங்கள். பிறகு குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்ற இறக்கத்தில் ஓட்டுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் ஸ்டேயும் பாட்டம் பிராக்கெட்டும் முழுச் சுமையை உணரும். பயணத்தில் எடுத்துப்போகும் பைகளையும் கட்டிக்கொண்டே இந்த ஓட்டத்தைச் செய்யுங்கள். திரும்பியதும் குறியைத் தாண்டிப் புதிய கோடு வந்திருக்கிறதா, விளிம்பு தூக்குகிறதா, முன்பு இல்லாத கிறீச் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். பையின் வார்ப்பட்டை படும் இடங்களில் ஒட்டும் காப்புத் தாள் போடுங்கள்; வார்ப்பட்டைக்கு அடியில் சேரும் கடற்கரை மணல் உப்புத்தாளின் வேலையைச் செய்து, பெயிண்டைத் தாண்டி இழை வரை போய்விடும்.

வழியில் ஒடிந்துவிட்டால்?

இறங்கிவிடுங்கள், மெதுவாக ஓட்டி அடுத்த ஊர் வரை போகலாம் என்று பார்க்க வேண்டாம். திருநெல்வேலிச் சாலையில் ஆரல்வாய்மொழி, வள்ளியூர், நாங்குநேரி ஆகிய ரயில் நிலையங்கள் வழியில் இருக்கின்றன. கன்னியாகுமரியிலிருந்து உவரி வழியாகக் கடலோரமாகப் போனால் திருச்செந்தூர் வரை ரயில் பாதை கிடையாது; அங்கே ஒரு குட்டியானையை (சிறிய சரக்கு வண்டி) வாடகைக்குப் பிடிப்பதே வழி. ஆகவே கடலோரப் பயணத்துக்குக் கிளம்பும் முன், வழியிலுள்ள ஊர்களில் அப்படி வண்டி வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒடிந்த முனையை வெறுங்கையால் தொடாதீர்கள். கார்பன் சிராய் தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எளிதில் வெளியே வரவும் வராது. துணியோ டேப்போ சுற்றி மூடிவிட்டு, செயினைக் கழற்றிய பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.